தீனபந்து ஆண்ட்ரூஸ்: கூலிக்காரனுக்காகக் கணக்குக் கேட்ட பாதிரியார்

(தொழிலாளர் குடும்பங்கள் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்களிடம் ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரைப் பற்றி. நம்முடைய உரிமைக் கூட்டத்தில் இவருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம் பாட்டன் பூட்டனைக் கப்பலில் ஏற்றி லயத்தில் அடைத்ததே வெள்ளைக்காரன்தானே என்று கேட்கலாம். மதம் மாற்ற வந்தவரைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகள். பேச்சு முடிவதற்குள் இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ். இந்திய மக்கள் அவருக்குக் கொடுத்த பெயர் தீனபந்து. எளியவர்களின் உறவினர் என்று பொருள். சஞ்சிக்கூலி முறை என்று நம் முன்னோர்கள் சொன்னார்களே, அந்த ஒப்பந்த அடிமைத்தனத்தைப் பிஜித் தீவு முதலிய நாடுகளில் ஒழித்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. காந்தியைத் தெரியும், நேருவைத் தெரியும். நம்மைப் போன்ற கூலித் தொழிலாளிகளுக்காகவே கடல் கடல்தாண்டிப் போன இந்த மனிதரை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பேச்சு.

கப்பல் கட்டும் ஊரிலிருந்து டில்லிக்கு

ஆண்ட்ரூஸ் 1871 பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தையும் மத போதகர். நம்பியவர் ஒருவர் ஏமாற்றியதால் குடும்பம் பணத்தை இழந்தது. பிள்ளை படிப்பில் கெட்டிக்காரர். உதவித்தொகையில் படித்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் எழுதிப் பரிசு பெற்ற கட்டுரையின் தலைப்பைக் கேளுங்கள்: முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நடக்கும் மோதலும் கிறிஸ்தவமும். இருபத்து நான்கு வயதிலேயே இதுதான் அவர் மனதில் இருந்த கேள்வி.

படித்து முடித்ததும் வசதியான வேலை தேடிப் போகவில்லை. வட இங்கிலாந்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் வாழ்ந்த வட்டாரத்திலும், பிறகு லண்டன் வால்வொர்த் என்ற ஏழைப் பகுதியிலும் ஊழியம் செய்தார். 1897இல் பாதிரியார் ஆனார். 1904இல் மிஷனரியாக டில்லிக்கு வந்தார். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியர் வேலை. 1906இல் அந்தக் கல்லூரிக்கு முதல்வர் தேவைப்பட்டது. முதல்வர் நாற்காலி வெள்ளையருக்கே என்பது அந்தக் கால வழக்கம். தகுதியுள்ள இந்தியர் இருக்கும்போது வெள்ளையர் எதற்கு என்று கேட்டு, சுசில் குமார் ருத்ரா என்ற இந்தியரை அந்த இடத்தில் உட்காரவைக்கப் பாடுபட்டவர்களில் ஆண்ட்ரூஸ் முக்கியமானவர். தன் இனத்துக்குக் கிடைக்கும் சலுகையை வேண்டாம் என்று சொல்லும் மனிதர்கள் எந்தக் காலத்திலும் குறைவு.

டர்பன் துறைமுகத்தில்

1913 கடைசியில் தென்னாப்பிரிக்காவில் நம் மக்கள் கொதித்தெழுந்தார்கள். அங்கே நேட்டால் பகுதிக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகள் போயிருந்தார்கள். முதல் கப்பலே சென்னையிலிருந்துதான் போனது. ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக வாழ நினைத்தவன் தலையில் ஆண்டுக்கு 3 பவுன் வரி போட்டார்கள். கூலிக்காரனால் கட்ட முடியாத வரி அது. கட்ட முடியாதவன் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் கப்பல் ஏறவேண்டும். வரி போட்டதன் நோக்கமே அதுதான்.

அந்த வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் பரவியது. சுரங்கத் தொழிலாளிகளைக் கிளப்பிவிட்டவர்களில் தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள், கையில் குழந்தையோடு சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய்ப்பட்டு, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் இறந்தது நமக்குத் தெரிந்த கதை. அந்தப் போராட்டத்துக்குத் துணை நிற்க, கோகலே கேட்டுக்கொண்டதால் போனவர்கள்தான் ஆண்ட்ரூசும் அவருடைய நண்பர் பியர்சனும்.

1914 ஜனவரித் தொடக்கத்தில் கப்பல் டர்பனில் நின்றது. இறங்கியதும் ஆண்ட்ரூஸ், காந்தி யார் என்று கேட்டார். காட்டினார்கள். அப்படியே குனிந்து காந்தியின் காலைத் தொட்டு வணங்கினார். ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் ஓர் இந்தியரின் காலில் விழுவதா என்று அங்கிருந்த வெள்ளையர்கள் கொதித்துப் போனார்கள். பத்திரிகைக்காரர்கள் கண்டித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அரசாங்கத்தோடு நடந்த பேச்சுவார்த்தைக்கு உதவிக்கொண்டிருந்த அந்த மாதத்திலேயே இங்கிலாந்தில் அவருடைய தாயார் இறந்தார். வந்த வேலையை விட்டுவிட்டு அவர் போகவில்லை. அந்த ஆண்டே 3 பவுன் வரி ரத்தானது.

அங்கே நடந்த ஒரு சிறு சம்பவம் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்த ஓர் ஒப்பந்தக் கூலி காந்தியிடம் அடைக்கலம் தேடி வந்தான். முதுகில் அடி வாங்கிய தழும்புகள். ஆண்ட்ரூஸ் ஆறுதல் சொல்லக் கிட்டே போனார். அந்த மனிதன் பயந்து ஒடுங்கினான். வெள்ளைத்தோல் பக்கத்தில் வந்தாலே அடி விழும் என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது. 1915இல் ஆண்ட்ரூஸ் கடும் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது அந்தக் கூலியின் முகம் கண்முன் தோன்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிறிஸ்துவின் முகமாக மாறியதாகப் பின்னாளில் எழுதினார். அடுத்து எங்கே போவது என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. பிஜித் தீவுக்கு.

பிஜியில் நடந்தது என்ன?

பிஜி பசிபிக் கடலில் இருக்கிறது. 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் அதிகமான இந்தியர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. அந்த வழியாகப் போனவர்கள் மட்டும் ஏறத்தாழ பதினைந்தாயிரம் பேர். அவர்களில் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் உண்டு. அந்தப் பெண்கள் பட்ட பாட்டுக்காகத்தான் பாரதியார் கண்ணீரோடு பாடினார்.

அங்கே ஒப்பந்தத்துக்குப் பெயர் கிர்மிட். ஐந்து வருடம். ஆணுக்கு ஒருநாள் வேலைக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் கொடுத்த அளவு வேலையை முடித்தால்தான். வேலைக்குப் போகாமல் இருந்தால் அது குற்றம். சம்பளத்தைப் பிடிப்பதோடு நிற்காது. நீதிமன்றத்தில் நிறுத்தி அபராதம் போடுவார்கள், சிறையில் தள்ளுவார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருந்தால் போதும் என்பது சட்டத்தின் கணக்கு. குடும்பம் என்ற ஒன்று எப்படி உருவாகும்? மூன்று ஆண்களை ஒரு சிறிய அறையில் போட்டார்கள். குடும்பம் இருந்தாலும் அதே அளவு அறைதான்.

ஆண்ட்ரூசும் பியர்சனும் 1915ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அங்கே போனார்கள். அவருக்கு முன்பே சிலர் இந்த அநியாயத்தைச் சொல்லியிருந்தார்கள். ஜான் பர்ட்டன் என்ற மெதடிஸ்ட் மிஷனரி 1910இல் புத்தகமே எழுதினார். கிர்மிட் முடித்து ஊர் திரும்பிய தோத்தாராம் சனாத்யா தன் அனுபவத்தை இந்தியில் வெளியிட்டார். குந்தி என்ற ஏழைப் பெண், மேற்பார்வையாளனிடமிருந்து மானம் காக்க ஆற்றில் குதித்த செய்தி இந்தியப் பத்திரிகையில் வந்து நாடே கொந்தளித்தது. ஆகவே ஆண்ட்ரூஸ்தான் முதல் ஆள் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிக்கப்பட்டவர்களே முதலில் பேசினார்கள். அந்தக் குரலை யாரும் தள்ளிவிட முடியாத ஆதாரமாக மாற்றியதுதான் ஆண்ட்ரூஸ் செய்த வேலை.

எப்படி மாற்றினார்? வழக்கறிஞர் என்ற முறையில் இந்த இடத்தை நான் ரசித்துப் படித்திருக்கிறேன். நீங்களும் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, நேரில் போனார். லயங்களுக்குள் போய்த் தொழிலாளிகளிடம் பேசினார். தோட்ட நிர்வாகிகளிடமும் அரசாங்க அதிகாரிகளிடமும் பேசினார். எதிர்த்தரப்பைக் கேட்காமல் எழுதியிருந்தால், ஒருபக்கப் பேச்சு என்று குப்பையில் போட்டிருப்பார்கள்.

இரண்டாவது, ஒப்பந்தத் தாளை எடுத்து வரிவரியாகப் படித்தார். எத்தனை வருடம், எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, எப்போது திரும்பலாம் எல்லாம் அதில் இருந்தது. வேலைக்கு வராவிட்டால் சிறை என்பது மட்டும் இல்லை. கைநாட்டு வைத்தவனுக்குத் தெரியாமலே அவன் சிறைத்தண்டனைக்குச் சம்மதித்துவிட்டான். ஒரு ஷில்லிங் என்பது இந்தியக் காசுக்குப் பன்னிரண்டு அணா. ஊரில் கேட்டால் பெரிய சம்பளம். பிஜியில் அரிசி பருப்பு விலை என்ன என்று யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் அவர் எழுதினார்.

மூன்றாவது, அரசாங்கத்தின் சொந்தக் கணக்கையே எடுத்து அரசாங்கத்தின் முன்னால் வைத்தார். பிஜி லயங்களில் எத்தனை பேர் தூக்குப் போட்டுச் செத்தார்கள், எத்தனை கொலை நடந்தது என்பதெல்லாம் அதிகாரிகளின் ஆண்டறிக்கைகளிலேயே இருந்தது. அதே மக்கள் ஊரில் இருந்தபோது நடந்த தற்கொலைகளோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகம். ஒரே மக்கள், ஊர் மட்டும் மாறியிருக்கிறது. அப்படியானால் குற்றம் மக்களின் குணத்தில் இருக்க முடியாது, அவர்களை மாட்டிவைத்த முறையில்தான் இருக்க வேண்டும். எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய வாதம் இது.

நான்காவது, அறிக்கையை எழுதி அலமாரியில் வைக்கவில்லை. 1916 தொடக்கத்தில் அது வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச் 20ஆம் நாள் பண்டித மதன்மோகன் மாளவியா ஒப்பந்த முறையை ஒழிக்கவேண்டும் என்று டில்லி சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். வைஸ்ராய் ஹார்டிஞ்ச் ஏற்றுக்கொண்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1912இல் கோகலே கொண்டுவந்த இதே மாதிரித் தீர்மானம் தோற்றுப்போனது. இடையில் தென்னாப்பிரிக்கப் போராட்டம் நடந்தது, மக்கள் கோபம் ஏறியது, கையில் ஆதாரமும் வந்தது.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். ஏற்றுக்கொண்டோம் என்று அரசாங்கம் சொன்னதும் ஆண்ட்ரூஸ் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. மாற்று ஏற்பாடு செய்யும்வரை காத்திருங்கள் என்ற பேச்சுக்குள்ளே இன்னும் ஐந்து வருடம் ஆள் அனுப்பும் திட்டம் ஒளிந்திருந்தது. அது தெரிந்ததும் மறுபடியும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். காந்தியும் மற்றத் தலைவர்களும் கூட்டங்கள் போட்டார்கள், பெண்கள் தூதுக்குழுவாகப் போய் வைஸ்ராயைப் பார்த்தார்கள். 1917 மார்ச்சில் கூலிக் கப்பல் நின்றது. தேதி போடாத வாக்குறுதி வாக்குறுதியே ஆகாது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி வாங்கிப் பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கப்பல் நின்றாலும் ஏற்கெனவே போனவர்கள் பிஜியில் மாட்டிக்கொண்டுதானே இருந்தார்கள். 1917இலேயே மறுபடி பிஜிக்குப் போனார். ஆஸ்திரேலியாவில் கரும்புக் கம்பெனியின் சொந்த நாட்டிலேயே போய்ப் பேசினார். அங்குள்ள பெண்கள் அமைப்புகள் விழித்துக்கொண்டு, புளோரன்ஸ் கார்னம் என்ற பெண்மணியை விசாரித்துவர அனுப்பின. அவருடைய அறிக்கையும் ஆண்ட்ரூஸ் சொன்னது உண்மை என்றே சொன்னது. 1920 ஜனவரி 1ஆம் நாள் பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன.

ஆனால் சங்கிலி அறுந்த அதே மாதத்தில் சுவா நகரில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டியிருந்தது. விலைவாசி ஏறியது, கூலி ஏறவில்லை. சட்டத்தில் விடுதலை கிடைத்த மறுநாளே வயிறு நிறைந்துவிடாது.

இரண்டு கேள்விகளுக்குப் பதில்

இப்போது தொடக்கத்தில் சொன்ன கேள்விகளுக்கு வருகிறேன்.

மதம் மாற்ற வந்தவரா? மிஷனரியாக வந்தவர்தான். ஆனால் 1914இல் மிஷன் வேலையை விட்டுவிட்டுத் தாகூரின் சாந்திநிகேதனுக்குப் போய்விட்டார். கடைசி மூச்சுவரை கிறிஸ்தவராகவே இருந்தார், பக்தியோடு இருந்தார். துன்பப்படுகிறவனை, நீ என் மதத்துக்கு வா, பிறகு உதவுகிறேன் என்று சொல்லவில்லை. அவருக்குக் கிறிஸ்து தெரிந்ததே அந்தக் கூலிக்காரனின் முகத்தில்தான். கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் சர்ச்சுக்குப் போகிறவரும் இந்த மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அநியாயம் செய்கிறவன் நம் சாமியைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை. நாம் மட்டும் ஏன் சாமியைப் பார்த்துப் பிரிய வேண்டும்?

வெள்ளைக்காரர்தானே? ஆமாம். அதனால்தான் அவர் கொடுத்த விலை பெரிது. 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு உண்மையை அறியப் பஞ்சாபுக்குப் போனவரை அவருடைய சொந்த அரசாங்கமே அமிர்தசரசில் கைது செய்து திருப்பி அனுப்பியது. 1921இல் அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கூலி கட்டுப்படியாகாமல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் குடும்பத்தோடு வெளியேறி நடந்தார்கள். சாந்த்பூர் ரயில் நிலையத்தில் இரவோடு இரவாகச் சிப்பாய்களை விட்டு அவர்களை விரட்டினார்கள். பிறகு காலரா வந்தது. அங்கேயும் ஆண்ட்ரூஸ் போய் நின்றார். சோறு, மருந்து கொடுக்கும் வேலையில் இறங்கியதோடு, இவர்களை இந்த நிலைக்குத் தள்ளியது யார் என்றும் கேட்டார். கென்யா, தென்னாப்பிரிக்கா, பிரிட்டிஷ் கயானா என்று நம் மக்கள் கூலியாகப் போன இடமெல்லாம் அவரும் போனார். கென்யாவில் ஆப்பிரிக்கர்களைக் கட்டாய வேலை வாங்குவதையும் எதிர்த்தார். 1936இல் பிஜிக்கு மூன்றாம் முறை போனபோது அவருக்கு வயது அறுபத்தைந்து.

1940 ஏப்ரல் 5ஆம் நாள் கல்கத்தாவில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். 1971இல் அவருடைய நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

அவரிடமும் ஒரு குறை

ஒருவரைப் பாராட்ட வேண்டும் என்பதற்காக அவரைச் சாமியாக்கிவிடக் கூடாது. அவருடைய பிஜி அறிக்கையில் எனக்கு ஒப்பாத ஒரு பகுதி உண்டு. லயங்களில் குடும்ப வாழ்க்கை சீரழிந்துவிட்டது என்று காட்டுவதற்காக, அங்கிருந்த பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி நிறைய எழுதினார். அவர் குறை சொன்னது முறையைத்தான். ஆனாலும் பழி போய் விழுந்தது பெண்கள்மேல். கிர்மிட் தொழிலாளியின் பேரனான வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் பின்னாளில் ஆவணங்களை ஆராய்ந்து, தற்கொலைக்கும் கொலைக்கும் பெண்களைக் காரணம் காட்டியது தவறு என்று எழுதினார். பெண்கள் பகல் முழுதும் வெட்டுக்கத்தி பிடித்தார்கள், இரவில் அடுப்பு மூட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், பலர் பிள்ளையைப் பறிகொடுத்தார்கள். நம் தோட்டங்களிலும் அதே கதைதானே.

நமக்காக யார் பேசினாலும் நன்றி சொல்வோம். ஆனால் நம் கதையை நாமே சொல்லப் பழகவேண்டும். வெளியிலிருந்து வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நம் தாய்மார்களின் மனசு அவருக்கு முழுசாகத் தெரியாது.

நம் மண்ணுக்கு வருவோம்

மலாயாவில் சஞ்சிக்கூலி முறை 1910இலேயே முடிவுக்கு வந்தது. அதற்குப் பதில் கங்காணி முறை பெருகியது. ஊரிலிருந்து உறவுக்காரன் மாதிரி வந்து ஆள் பிடிப்பான். முன்பணம், கடன், லயம், கள்ளுக்கடை, கிராணி, துரை. சிறைத்தண்டனைக்குப் பதிலாகக் கடன் கட்டிப்போட்டது. ஒப்பந்தக் கூலிக்கு எதிராக எழுந்த அதே கிளர்ச்சியின் தொடர்ச்சியாக இந்தியாவில் 1922இல் குடியேற்றச் சட்டம் வந்தது. அதன்படி இந்திய அரசின் ஏஜெண்ட் மலாயாவுக்கு வந்தார். தோட்டங்களைப் பார்த்தார், அறிக்கை எழுதினார். 1938இல் கூலி ஆள் அனுப்புவதையே இந்தியா நிறுத்தியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் நம்மவர்கள் கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். காசோடு மரியாதையும் கேட்டார்கள்.

அந்த லயங்களில் பலவற்றை இன்று காணோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைத் தோட்டம் தாமானாக மாறியது. நாம் அடுக்குமாடி வீட்டுக்கும் புறம்போக்கு நிலத்துக்கும் வந்தோம். தோட்டத்தில் நாம் விட்டுவந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்? இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி.

இங்கே சிலருக்கு நான் சொல்லப்போவது கசக்கும். அந்த ஆட்கள் வந்துதானே நம் பிழைப்புப் போனது என்று பல வீடுகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நம் பையனுக்குப் பாதுகாவலர் வேலைகூடக் கிடைக்கவில்லை என்ற வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் முதலாளி ஏன் அவனை விரும்புகிறான் என்று யோசித்துப் பாருங்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அவன் கழுத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. வேலையை விட்டால் பெர்மிட் போய்விடும், அன்றைக்கே அவன் சட்டவிரோதக் குடியேறி. ஆகவே அவன் வாய் திறக்க மாட்டான். வாய் திறக்க முடியாத ஆள்தான் முதலாளிக்கு மலிவு. நேட்டாலில் 3 பவுன் வரி செய்த வேலையை இங்கே கடனும் பெர்மிட்டும் செய்கின்றன. அவன் கட்டப்பட்டிருக்கும்வரை நம் சம்பளமும் ஏறாது. அவன் கட்டு அவிழ்ந்தால் நாமும் நிமிர்ந்து பேரம் பேசலாம்.

2020இல் மலேசியாவின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கா தன் நாட்டுக்குள் விடாமல் தடுத்தது. கட்டாய உழைப்புக்கு அறிகுறிகள் இருக்கின்றன என்பது காரணம். நூறு வருடத்துக்கு முன் ஆண்ட்ரூஸ் பார்த்த அதே பட்டியல்தான்: கடன், பிடித்துவைத்த சம்பளம், எடுத்துவைத்த பாஸ்போர்ட், மோசமான குடியிருப்பு. நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. இன்னொருவருடைய பாஸ்போர்ட்டை உரிமையில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். கட்டாய உழைப்பு வாங்குவது 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்திலும் தனிக்குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்க ஆள் வேண்டும். சாட்சி சொல்ல ஆள் வேண்டும்.

நாம் செய்யவேண்டியது

ஆண்ட்ரூஸ் ஒரு வழக்கறிஞர் கிடையாது. ஆனால் அவர் செய்த வேலையை எந்தத் தாயும் எந்தத் தம்பியும் செய்யலாம்.

சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். சீட்டே கொடுக்கவில்லை என்றால் நாளும் மணியும் ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஈபிஎப், சொக்சோ பணம் கட்டப்படுகிறதா என்று கேளுங்கள். முதலாளி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். தண்டனைப் பகுதி தாளில் எழுதப்படாமலே இருந்த பிஜிக் கதையை மறக்க வேண்டாம். நியாயமில்லாமல் வேலையிலிருந்து நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். அறுபத்தோராவது நாள் என்னிடம் வந்து அழுதால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் வயதான பாட்டி இருந்தால், தோட்ட வாழ்க்கையை அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவரோடு ஒரு நூலகமே போய்க்கொண்டிருக்கிறது.

பண்டிகைக்கு அரிசி மூட்டை கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. பசித்தவனுக்கு அரிசி வேண்டும். அரிசி கொடுப்பவர் கையைப் பிடித்து ஒரு கேள்வியும் கேளுங்கள்: ஐயா, வருடம் முழுக்க உழைத்தும் எங்கள் வீட்டில் அரிசி ஏன் பத்தவில்லை? எந்தச் சட்டத்தை மாற்றினால் பத்தும்? ஆண்ட்ரூஸ் வாழ்க்கை முழுதும் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அவர் கேட்ட பிறகும் பதில் தானாக வந்துவிடவில்லை. மறுபடி மறுபடி போய்க் கதவைத் தட்டினார்.

டர்பனில் வெள்ளைத்தோலைப் பார்த்துப் பயந்து ஒடுங்கிய அந்தக் கூலிக்காரனின் பெயர் நமக்குத் தெரியாது. அவன் நம் வீட்டுப் பாட்டன்களில் ஒருவன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அவனைப் பார்த்து ஒருவர் விலகிப் போகாமல் நின்றார். இன்று நம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் ஒடுங்கி நிற்கிறவனைப் பார்த்து நாம் நிற்கப் போகிறோமா, விலகிப் போகப் போகிறோமா? நம் உரிமைக்காக மற்றவர்கள் குரல் கொடுக்கவேண்டும் என்று கேட்கும் நமக்கு, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு.